நிறுத்தத் தெரிந்த ரோஜா

தமிழில் பூக்களுக்குப் பெயர் வைத்தவர்களுக்குக் காலத்தைப் பற்றி இரண்டு மனங்கள் இருந்திருக்கின்றன. டிசம்பர் பூ, கார்த்திகைப் பூ என்று மாதத்தைச் சொல்லிப் பெயரிட்டது ஒரு மனம். நித்தியகல்யாணி என்று மாதத்தையே மறந்து பெயரிட்டது இன்னொரு மனம். முதற்பெயர்களில் காத்திருப்பு இருக்கிறது. இரண்டாவதில் காத்திருக்க வேண்டாம் என்ற ஆறுதல் இருக்கிறது. இவ்விரண்டில் இன்று நாம் பெரிதும் விரும்புவது எதை என்று அறிய, ஊருக்கு வெளியே உள்ள ஏதேனும் ஒரு நர்சரிக்குப் போய்ச் சற்று நேரம் நின்றால் போதும். செடியைக் கையில் எடுப்பவர் கேட்கும் முதற்கேள்வி 'வருஷம் பூரா பூக்குமா?' என்பதுதான். 'ஒரு சீசன்தான்' என்று பதில் வந்தால் செடி பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

இந்தக் கேள்வியில் தவறில்லை. ஆனால் அதன் அடியில் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. திரும்பத் திரும்பப் பூக்கும் செடி கூடுதல் திறமை பெற்றது, ஒருமுறை பூத்து ஓயும் செடி ஏதோ ஒன்று குறைபட்டது என்பதே அது. ரோஜாவைப் பொறுத்தவரை உண்மை ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. அதை அறிந்துகொள்வது தோட்டக்கலைக்கு மட்டுமன்றி, பருவங்களைக் கொண்டே கவிதை செய்த ஒரு மொழியின் வாசகர்களுக்கும் பயனுள்ளது என்று நாம் கருதுகிறோம்.

முதலில் ஒரு தெளிவு. பல்லாண்டுச் செடிகளின் மறுபூப்பு எல்லாவற்றிலும் ஒரே வழியில் நிகழ்வதன்று. நெப்பிட்டா, சால்வியா போன்றவை முதற்பூப்பு முடிந்ததும் வெட்டிவிட்டால், அடியிலிருந்து புதுத்தண்டு விட்டு இன்னொருமுறை பூக்கும். விதை முற்றவிட்டால் அந்த வேகம் தணிந்துவிடும். தாடி ஐரிஸில் பூத்த கிழங்கு மறுபடி பூப்பதே இல்லை. அதன் பக்கத்தில் கிளைக்கும் புதுக்கிழங்கு அதே ஆண்டிலேயே முதிர்ந்துவிட்டால் அதைத்தான் நாம் மறுபூப்பு என்கிறோம். ஹைட்ரேஞ்சியாவின் பழைய வகைகள் போன ஆண்டின் கிளையில் மட்டும் பூக்கும். 2004-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த 'எண்ட்லெஸ் சம்மர்' போன்றவை பழைய கிளையிலும் அவ்வாண்டின் புதுக்கிளையிலும் பூக்கும். பியோனியோ எவ்வளவு வெட்டினாலும் எவ்வளவு உரமிட்டாலும் அடுத்த வசந்தம் வரை அசைந்து கொடுக்காது. இவ்வளவையும் 'மறுபூப்பு' என்ற ஒரே சொல்லில் அடைத்து அட்டையில் எழுதித் தொங்கவிடுகிறது சந்தை. ஆகவே இங்கு ரோஜாவை மட்டும் எடுத்துக்கொள்வோம். மறுபூப்பின் கதை முழுமையாகத் தெரிந்த செடி அதுதான்.

காட்டு ரோஜாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறை பூப்பவை. ஐரோப்பியத் தோட்டங்களில் பல நூற்றாண்டுகளாக வளர்ந்த கேலிகா, ஆல்பா, சென்டிபோலியா வகைகளும் அப்படியே. மே, ஜூன் மாதங்களில் சில வாரங்கள் பூத்துக் குலுங்கிவிட்டு, மற்ற நாளெல்லாம் வெறும் பச்சைப் புதராக நிற்கும். விலக்காக இருந்தது ஓர் இனம்: இலையுதிர்காலத்தில் இரண்டாம் முறை சிறிதளவு பூக்கும் டமாஸ்க் ரோஜா. பிரெஞ்சுக்காரர்கள் அதை 'காத்ர் சேசோன்', அதாவது நான்கு பருவம் என்று அழைத்தனர். இரண்டு முறை பூப்பதற்கு நான்கு பருவம் என்று பெயரிட்டதிலேயே மனிதனின் ஏக்கம் தெரிகிறது. இத்தாலியின் பெஸ்டம் நகரில் ஆண்டுக்கு இருமுறை பூக்கும் ரோஜாத் தோட்டங்கள் இருந்ததை வர்ஜில் தமது உழவுக் காவியத்தில் குறிப்பிடுகிறார். இருமுறை பூத்ததே அன்று காவியத்தில் இடம்பெறத் தக்க செய்தியாக இருந்திருக்கிறது.

சீனத்தில் நிலைமை வேறு. அங்கே தோட்டங்களில் இருந்த ரோஜாவின் பெயரே 'யுவேஜி'. யுவே என்றால் மாதம், ஜி என்றால் பருவம். மாதந்தோறும் பருவம் காணும் பூ. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தச் சீன ரோஜாக்கள் கப்பலேறி இங்கிலாந்துக்கு வந்தன. 1792-இல் 'ஸ்லேட்டர்ஸ் கிரிம்சன்', 1793-இல் 'பார்சன்ஸ் பிங்க்', 1809-இல் 'ஹியூம்ஸ் பிளஷ்', 1824-இல் 'பார்க்ஸ் யெல்லோ' என்று இந்நால்வரின் வருகையை ரோஜா வரலாறு வரிசைப்படுத்துகிறது. இவற்றுள் 'பார்சன்ஸ் பிங்க்' பிற்காலத்தில் 'ஓல்ட் பிளஷ்' என்ற பெயரில் அறியப்பட்டது. வசந்தத்தில் தொடங்கினால் பனி விழும்வரை நிறுத்தாமல் பூக்கும் ஒரு சிறு புதர்.

ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் உடனே இவற்றைத் தங்கள் ரோஜாக்களோடு கலந்து பார்த்தார்கள். கிடைத்தது ஏமாற்றம். அந்த முதல் தலைமுறைக் கலப்புச் செடிகளில் பெரும்பாலானவை பழைய ஐரோப்பிய ரோஜாக்களைப் போலவே ஆண்டுக்கு ஒருமுறைதான் பூத்தன. சீனத் தாயின் குணம் எங்கோ மறைந்துவிட்டது. அக்குழந்தைகளை மறுபடி தங்களுக்குள்ளும் சீன ரோஜாக்களோடும் கலந்தபோதுதான், பேரப்பிள்ளைகளில் சில நிற்காமல் பூத்தன. மெண்டலின் விதிகளை அறிந்த நமக்கு இது இன்று எளிய பாடம்: தொடர்பூப்பு ஓர் ஒடுங்கு பண்பு. பெற்றோர் இருவரிடமிருந்தும் அது வந்தாக வேண்டும். ஒருவரிடமிருந்து 'நிறுத்து' என்ற கட்டளை வந்துவிட்டால் போதும், செடி நிறுத்திவிடும்.

இந்தக் கலப்பு மனிதர் கைபடாமலும் நிகழ்ந்திருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவுக்கு அன்று பூர்பன் என்று பெயர். அங்கே வயல்களுக்கு வேலியாக 'ஓல்ட் பிளஷ்' ரோஜாவையும் இருமுறை பூக்கும் டமாஸ்க் ரோஜாவையும் நட்டிருந்தார்கள். அந்த வேலியில் தானே முளைத்த ஒரு கலப்புச் செடியை, 1817-ஐ ஒட்டி அங்கே சென்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் பிரேயோன் கவனித்தார் என்பது ரோஜா வரலாற்றில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 'ரோஸ் எதுவார்' என்று பெயர் பெற்ற அதன் விதைகள் பாரிஸுக்குச் சென்றன. பூர்பன் ரோஜாக்கள் என்ற பெருங்குடும்பம் உருவாயிற்று. தமிழ்நாட்டுப் பூச்சந்தைகளில் எடைபோட்டு உதிரிப்பூவாக விற்கப்படும் இளஞ்சிவப்பு 'எட்வர்ட் ரோஸ்' இந்தப் பூர்பன் குடும்பத்தைச் சேர்ந்ததே. நாம் கோயில் மாலையில் காணும் இதழ்களுக்குள் சீனத்துத் தோட்டமும் மத்தியத்தரைக்கடல் வேலியும் ஒருசேர இருக்கின்றன. கடுங்குளிரை நம்பிப் பூக்கும் ஐரோப்பியப் பழைய வகைகள் நம் சமவெளிகளில் செழிப்பதில்லை. ஆகவே நமக்கு ரோஜா என்றாலே எப்போதும் பூப்பது என்றாகிவிட்டது. அது எப்போதும் அப்படி இருந்ததில்லை என்பதை நினைவூட்டவே இவ்வளவும் சொல்ல நேர்ந்தது.

இனி, நிற்காமல் பூப்பது எப்படி என்ற கேள்வி. 2012-இல் பிரெஞ்சு, ஜப்பானிய ஆய்வாளர்கள் இணைந்து வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. ரோஜாவில் பூப்பதைத் தடுக்கும் ஒரு மரபணு இருக்கிறது. கேஎஸ்என் என்பது அதன் சுருக்கப்பெயர். காட்டு ரோஜாவில் வசந்தத்தில் துளிர்க்கும் முதற்கிளைகளில் இந்த மரபணு அடங்கியிருக்கும். அக்கிளைகளின் நுனிகள் பூவாக முடியும். பூப்பு முடிந்தபின் வரும் தளிர்களில் அது விழித்துக்கொள்ளும். 'போதும், இனி வளர்' என்பது அதன் கட்டளை. அதன்பின் வரும் கிளைகள் பூவாக முடியாமல் நீண்டு வளர்ந்து, அடுத்த வசந்தத்துக்கான மரத்தைச் சேர்த்து வைக்கும். சீன ரோஜாவில் நிகழ்ந்தது என்னவென்றால், மரபுத்தொகுதிக்குள் இடம்விட்டு இடம் தாவும் ஒரு துண்டு என்றோ ஒருநாள் இந்த மரபணுவின் நடுவே வந்து செருகிக்கொண்டது. மரபணு ஊமையாகிவிட்டது. கட்டளை பிறப்பிக்க ஆளில்லாத செடி, துளிர்க்கும் ஒவ்வொரு கிளையையும் பூவில் கொண்டுபோய் முடிக்கிறது.

ஆக, நித்தியப் பூப்பு என்பது சேர்ந்துகொண்ட ஒரு வரம் அன்று. பழுதான ஒரு தடை. மாட்டுவண்டியில் தடுப்புக்கட்டை உடைந்துபோனால் வண்டிக்கு வேகம் என்ற புதிய திறமை வந்துவிட்டதாக நாம் சொல்வதில்லை.

இதற்கு அழகான எதிர்ச்சான்றும் இருக்கிறது. சில வேளைகளில் 'ஓல்ட் பிளஷ்' புதரிலிருந்து ஒரு கிளை தன் இயல்பை மாற்றிக்கொண்டு நீளமாகப் படரத் தொடங்கும். அந்தப் படர் வடிவத்தை ஆராய்ந்தபோது, செருகியிருந்த துண்டு பெரும்பாலும் வெளியேறி, ஒரு சிறு தழும்பை மட்டும் விட்டுச் சென்றிருந்தது தெரிந்தது. தடை திரும்பியதும் செடி வளர்ச்சியை நினைவுகூர்ந்தது. பூப்பு வசந்தத்தோடு நின்றது. புதராக இருப்பதும் ஓயாது பூப்பதும் ஒரே இழப்பின் இரு முகங்கள் என்பது இதனால் விளங்கும். நுனியெல்லாம் பூவாகிவிட்டால் உயரே ஏறுவதற்கு நுனி ஏது?

இன்னொரு செய்தி நம்மை வெகுநேரம் யோசிக்க வைத்தது. ஒருமுறை பூக்கும் ரோஜாவின் விதையிலிருந்து வரும் நாற்று, இரண்டு மூன்று ஆண்டுகள் வளர்ந்த பிறகே முதற்பூவைத் தரும். தொடர்ந்து பூக்கும் இனத்தின் நாற்றோ முளைத்த சில வாரங்களிலேயே, விரலளவு உயரத்தில், பூத்துவிடும். கலப்பினம் உருவாக்குவோருக்கு இது பெரிய வசதி. ஆனால் வேறு விதமாகச் சொன்னால், அந்தச் செடிக்குப் பிள்ளைப்பருவம் என்ற ஒன்று கிடையாது.

இதையெல்லாம் சொல்வது தொடர்பூப்பு ரோஜாக்களைப் பழிப்பதற்காக அல்ல. இயற்கையிலேயே நெடுநாள் பூப்பவையும் உண்டு. ஜப்பானியக் கடற்கரைகளில் வளரும் ருகோசா ரோஜாவில் கோடை முழுவதும் பூவும் காயும் ஒருசேரக் காணலாம். மாடியில் ஒரே ஒரு தொட்டி வைக்க இடமுள்ளவர் ஓயாது பூக்கும் செடியைத் தேடுவது நியாயம். அன்றாடம் பறித்து அன்றாடம் விற்றுப் பிழைக்கும் பூ விவசாயிக்கு, ஆண்டில் மூன்று வாரம் மட்டும் பூக்கும் செடி சோறு போடாது. சீனத் தோட்டக்காரர்கள் அந்த ஊமை மரபணுவைக் கண்டெடுத்துப் பல நூற்றாண்டுகள் பேணியிராவிட்டால், இன்றைய ரோஜா வணிகமே இல்லை. நாம் மறுப்பது செடியை அன்று. 'எப்போதும் பூக்கும்' என்ற சொல்லோடு வரும் மதிப்பீட்டை.

அந்த மதிப்பீட்டால் மெய்யாகவே இழப்பு நேர்ந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் 'ஹைபிரிட் பெர்பெச்சுவல்', அதாவது நிரந்தரக் கலப்பினம், என்ற பெயரில் வகைவகையாக ரோஜாக்கள் சந்தைக்கு வந்தன. பெயர்தான் நிரந்தரம். பலவும் ஜூன் மாதத்தில் நிறையப் பூத்து, பின்னர் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டின. 1867-இல் கியோ உருவாக்கிய 'லா பிரான்ஸ்', ஹைபிரிட் டீ என்னும் புதிய வகையின் முதற்செடியாகக் கொள்ளப்படுகிறது. அவ்வகை பெருகப் பெருக, ஒருமுறை பூக்கும் பழைய ரோஜாக்கள் தோட்டங்களிலிருந்து பிடுங்கி எறியப்பட்டன. பட்டியல்களில் பெயராக மட்டும் எஞ்சியவை எத்தனையோ. மிஞ்சியவை சில பித்தர்களின் பிடிவாதத்தால் மிஞ்சின. ஜெர்மனியின் ஸாங்கர்ஹவுசன் நகரில் 1903-இல் திறக்கப்பட்ட ரோஜாப் பூங்கா இன்று 8000-க்கும் மேற்பட்ட வகைகளைக் காத்து நிற்கிறது. இங்கிலாந்தில் கிரஹாம் ஸ்டூவர்ட் தாமஸ் ஆண்டுக்கணக்கில் தேடிச் சேர்த்த பழைய ரோஜாக்களுக்கு, 1970-களில் மாட்டிஸ்பான்ட் என்னும் பழைய மடத்தின் மதிலடைத்த தோட்டம் அடைக்கலம் தந்தது. அங்கே ஜூன் மாதத்தில்தான் கூட்டம் அலைமோதும். ஆண்டெல்லாம் திறந்திருக்கும் இடத்துக்கு மக்கள் ஒரு குறிப்பிட்ட மாதத்தில் திரள்வதற்கு, அந்த மாதம் மட்டும் பூப்பதே காரணம்.

டேவிட் ஆஸ்டின் இப்பழைய ரோஜாக்களின் வடிவத்தையும் மணத்தையும் மீட்க விரும்பினார். 'பெல் இசிஸ்' என்ற கேலிகாவைத் தொடர்ந்து பூக்கும் 'டெயின்டி மெய்ட்' என்ற புதிய ரோஜாவோடு கலந்து, 1961-இல் 'கான்ஸ்டன்ஸ் ஸ்பிரை' என்ற செடியை வெளியிட்டார். அது ஒருமுறைதான் பூத்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கண்ட அதே ஏமாற்றம், அதே ஒடுங்கு பண்பு. மேலும் கலந்து கலந்துதான் ஓயாது பூக்கும் தமது ஆங்கில ரோஜாக்களை அவர் பெற்றார். ஆனால் அந்த முதற்செடியை அவர் கைவிடவில்லை. ஒருமுறை பூக்கும் அது இன்றும் விரும்பி வளர்க்கப்படுகிறது. நிறுத்தத் தெரிந்ததனால் கொடியாக உயர்ந்து, ஜூன் மாதத்தில் ஒரு சுவரையே மூடிவிடுகிறது.

மதிப்பீட்டின் பிழை கையின் பிழையாகவும் மாறுகிறது. தொடர்ந்து பூக்கும் ரோஜாவுக்கு வாடிய பூவை அவ்வப்போது நீக்க வேண்டும். காய் பிடிக்கவிட்டால் அடுத்த தளிர் தாமதிக்கும். வெட்டிய இடத்திலிருந்து மறுபூ வர ஏறக்குறைய ஆறேழு வாரங்கள் ஆகும். ஒவ்வொரு சுற்றுக்கும் உரமும் நீரும் தந்தாக வேண்டும், ஏனெனில் அது தனக்கென எதையும் சேமிப்பதில்லை. ஒருமுறை பூக்கும் ரோஜாவுக்கோ இதெல்லாம் வேண்டியதில்லை. ஆனால் அதைக் குளிர்காலத்தில் கவாத்து செய்தால், போன கோடையில் அது சேர்த்த கிளைகள் அத்தனையும், அவற்றோடு அவ்வாண்டின் பூ அத்தனையும் போய்விடும். அதைப் பூத்து முடிந்த உடனேதான் வெட்ட வேண்டும். எல்லா ரோஜாவும் ஒன்றே என்று எண்ணிக் கத்தரியை எடுப்பவர், அடுத்த வசந்தத்தில் பூவில்லாத புதரைப் பார்த்து 'மலட்டுச் செடி' என்று பிடுங்கி எறிகிறார். செடி தன் முறைப்படி ஓர் ஆண்டு உழைத்துச் சேர்த்ததை வெட்டியவர் யார் என்று கேட்பாரில்லை. காயை விட்டுவைக்கலாம் என்பதும் பழைய ரோஜாவின் ஒரு கொடை. ஓயாத பூவுக்கு நாம் கொடுக்கும் விலைகளில் ஒன்று கனி.

ஒருமுறை பூப்பது சிக்கனம் என்று எண்ணுவோர் பல்கேரியாவின் கசான்லிக் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். அங்கே அத்தருக்காக வளர்க்கப்படும் டமாஸ்க் ரோஜா மே மாதத்தில் தொடங்கிச் சில வாரங்கள் மட்டும் பூக்கிறது. விடியலில், வெயில் ஏறி மணம் பறந்துவிடும் முன் பறித்துவிட வேண்டும். ஒரு கிலோ எண்ணெய்க்கு 3000 கிலோவுக்கும் மேல் பூ வேண்டும். இவ்வளவு பூவை ஒரு பள்ளத்தாக்கு ஒரே மூச்சில் தர முடிவது, அது எஞ்சிய மாதங்களில் பூக்காமல் இருப்பதால்தான்.

இறுதியாக, நம் மொழிக்குள் வருவோம். அகப்பாடல்களின் முல்லைத் திணை பூவைக் கடிகாரமாகக் கொண்டது. கார்காலத்தில் திரும்புவேன் என்று தலைவன் சொல்லிச் செல்கிறான். முல்லை அரும்புகிறது, கொன்றை பூக்கிறது, அவன் வரவில்லை. பூத்த கொன்றையைச் சுட்டி, இது கார் அன்று, பருவம் தவறிப் பெய்த மழையை நம்பி மரம் ஏமாந்து பூத்தது என்று தோழி தேற்றுவதாக ஒரு துறையே அமைந்திருக்கிறது. தோழி சொல்வது பொய்யென்று தலைவிக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அந்தப் பொய்யில் கசியும் அன்பு நம்மைத் தொடுவதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: கொன்றைக்கு ஒரு பருவம் இருக்க வேண்டும். ஆண்டெல்லாம் பூக்கும் கொன்றையை வைத்து யாரும் யாரையும் தேற்ற முடியாது. பூவுக்குக் காலம் இல்லையென்றால் பிரிவுக்குக் கெடு இல்லை. கெடு இல்லையென்றால் காத்திருப்பு இல்லை. காத்திருப்பு இல்லையென்றால் முல்லை என்றொரு திணையே இல்லை.

நித்தியகல்யாணியை நாம் வெறுக்கவில்லை. வாசலில் அது இருக்கட்டும். எட்வர்ட் ரோஸும் தொட்டியில் பூக்கட்டும். ஆனால் நர்சரியில் 'ஒரு சீசன்தான்' என்று சொல்லப்படும் செடியை அடுத்தமுறை திருப்பி வைக்கும் முன் ஒரு கணம் தாமதிக்கலாம். பதினொரு மாதம் அது சும்மா இருப்பதில்லை. தடுப்புக்கட்டை உடையாத செடி அது. எப்போது நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியும். அந்த அறிவைத்தான் அது கிளையாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறது.